பேன்ட் ஓரத்து ஒட்டுப்புல்

துணியை ஊறவைப்பதற்கு முன் மெர்சி தன் புருஷனின் பேன்ட்டை மடியில் போட்டுக்கொண்டு, ஓரத்தில் அப்பியிருந்த புல் கதிர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் நீளத்தில் நரிவால் மாதிரி சிலிர்த்த கதிர்கள். உதறினால் போகாது, அப்படியே துவைத்தால் மற்ற துணிகளிலும் ஏறிக்கொள்ளும். இரண்டு மாசமாகத் தினம் இதே வேலை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக அவள் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். தைத்து வருகிற ஷூவின் மேல்தோலைக் கையில் எடுத்தாலே போதும், எந்த லைனில் யார் மிஷினில் தையல் பிசகியது என்று தெரிந்துவிடும். பிசகின இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். திருத்த முடிந்தால் ரீவொர்க் பெட்டி, முடியாவிட்டால் ரிஜெக்ட் பெட்டி. யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். "மெர்சிக்கா ஒட்டிட்டா அதுக்கு அப்பீலே கிடையாது" என்பாள் சூப்பர்வைசர் சௌந்தர்யா.

புருஷன் ஜீவரத்தினம் அதே கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங்கில் முப்பது வருஷம் இருந்தவர். போன வருஷம் நின்றுவிட்டார். சுகர். கால் கட்டைவிரலில் வந்த புண் ஆற நாலு மாசம் ஆயிற்று. அடுத்த தடவை வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை, காலையில் அரை மணி நேர நடை, இனிப்பு கூடவே கூடாது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடப்பதாகச் சொன்னார் ஜீவரத்தினம். ஆனால் போன மாசம் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது சுகர் ஏறியிருந்தது.

"எங்க நடக்கறீங்க?" என்று கேட்டாள்.

"பாலாத்து மணல்லதான். காத்து ஜிலுஜிலுன்னு வருது."

மெர்சி கையிலிருந்த கதிரைப் பார்த்தாள். அவளுடைய அம்மா வீடு ஆலங்காயம் பக்கம். அங்கே தினைக் கொல்லையில் இந்தப் புல்லும் தினை மாதிரியே கூடவே எழும்பி நிற்கும். கதிர் விட்டுப் பாவாடையில் ஒட்டின பிறகுதான் வேறு என்று புரியும். ஈரமும் நிழலும் இருக்கிற இடமாகப் பார்த்து முளைக்கிற புல். கிணற்றடியில், சாக்கடையோரத்தில், கொட்டகைக்குப் பின்னால். காய்ந்து கிடக்கிற ஆற்று மணலில் காலில் நெருஞ்சி குத்தும், இது ஒட்டாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவள் நேராக வீட்டுக்கு வரவில்லை. ஆற்றுப் பக்கம் போய்ப் பார்த்தாள், ஒரு கதிர்கூட இல்லை. திரும்பும் வழியில், தோல் பதனிட்டு இப்போது மூடிக் கிடக்கிற பழைய டேனரிக்குப் பின்னால், ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் புங்கமர நிழலில் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது புல். அதைத் தாண்டினால் சத்தார் பாய் டீக்கடை. தாண்டினாள். சேலை ஓரத்தில் ஏழு கதிர் ஏறிக்கொண்டது.

"வாங்கம்மா, ஜீவா வீட்டம்மாதானே?" என்றார் சத்தார் பாய்.

"ஆமா பாய். அவருக்குக் குடுக்கறதையே எனக்கும் குடுங்க."

இரண்டு ஸ்பூன் சக்கரை போட்ட டீ வந்தது. கூடவே பேப்பரில் ஒரு ஜாம் பன்.

"தினம் இதானா?"

"தினம் இதான். பேச்சு ஜாஸ்தியான அன்னிக்கு ரெண்டு பன்னு."

"அவருக்கு சுகர் பாய்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "கேஸ் டிரபுள்னு இல்ல சொன்னாரு? வெறும் வயித்துல டீ வேணாம்னு நான்தான் பன்னைப் பழக்கிவுட்டேன்."

கோபப்படத்தான் வந்தாள் மெர்சி. சிரிப்பு வந்துவிட்டது. டீ நன்றாகவும் இருந்தது; கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"நாளைலருந்து சக்கரையும் வேணாம், பன்னும் வேணாம். ஆனா அவரு வர்றதைத் தடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். நாற்பது பேர் சத்தத்துக்கு நடுவில் முப்பது வருஷம் நின்ற மனுஷர், காலையிலிருந்து சாயங்காலம்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கும் தெரியாததல்ல.

அன்றைக்கு அவள் பேன்ட்டைத் துவைக்கவில்லை. கதிர்களையும் பிய்க்கவில்லை. மறுநாள் காலை அவர் நடக்கப் போன பிறகு, கைப்பையில் கிடந்த ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஒவ்வொரு கதிருக்கும் ஒரு அம்பு ஒட்டி நாற்காலியில் விரித்துப் போட்டாள்.

திங்கட்கிழமை ஜீவரத்தினம் நடை முடிந்து திரும்பினார். மெர்சி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாற்காலிப் பக்கம் போனவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். பேன்ட்டை மடியில் இழுத்து, அம்புகளை விரலால் எண்ணுவதுபோலத் தடவினார். ஐந்து.

"பாய் போட்டுக் குடுத்துட்டானா?"

"அவரு இன்னா பண்ணாரு பாவம். கேஸ் டிரபுள்னு சொன்னது யாரு?"

"இன்னிக்கு டீ வாய்ல வைக்க முடியல மெர்சி. ஆனாலும் அரை மணி நேரம் உக்காந்து பேசிட்டுதான் வந்தேன்."

"பேசுங்க. பேச்சுக்கு சக்கரை எதுக்கு?"

அவர் பேன்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டிங்கில் நின்ற காலத்தில் செக்கிங்கிலிருந்து திரும்பி வந்த தோலை இப்படித்தான் பிடித்துப் பார்ப்பார்.

"சரி, ஒட்டிட்ட. எந்தப் பொட்டி? ரிஜெக்ட்டா, ரீவொர்க்கா?"

மெர்சி டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு "ரீவொர்க்தான். கதிரை நீங்களே பிய்ச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.