காசிலிங்கம் வண்டியின் முதல் சாவி

ஏரல் காசிலிங்கம் எனக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. அவனுடைய டீசல் பிக்கப்புக்கு இன்ஜின் வேலை செய்த வகையில் மொத்தம் எழுபத்தெட்டாயிரம் ஆனது. நாற்பதைக் கட்டிவிட்டான். மீதியை வாழைத்தார் லோடு ஓட்டி மாதாமாதம் தருகிறேன் என்றான். சரி என்றேன். அந்தக் கடன் தீர்ந்த விதத்தை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது காசிலிங்கமும் இல்லை. அவன் பெண்சாதி தங்கத்தாயும் போன மாதம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். இனி சொன்னால் யாருக்கும் வலிக்காது. எனக்கு வலிக்கும். அது கிடக்கட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டையில் அருணாசலம் பட்டறை எது என்று கேட்டால் குழந்தைகூடக் கை காட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முடிந்தது. அடுத்தவன் லாரிக்கு அடியில் படுத்துத் தொழில் படித்தேன். எழுந்து நின்றபோது சொந்தப் பட்டறை இருந்தது. ஓடுகிற இன்ஜினின் சத்தத்தைப் போனில் கேட்டே எந்த இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது என்று சொல்லுவேன். பெருமை பேசுகிறான் கிழவன் என்பீர்கள். பேசத்தான் செய்வேன். யாரிடமும் இரவல் வாங்கிய பெருமை இல்லை இது. பட்டறை வாசலில் ஒரு போர்டு வைத்திருந்தேன்: 'வேலையில் பிழை என்றால் வாங்கிய பணம் வாபஸ்.' அன்றுவரை நாற்பது வருடத்தில் ஒரு ரூபாய் திரும்பிப் போனதில்லை. எதிர்ப் பட்டறை ஐயம்பெருமாளுக்கு அந்தப் போர்டைப் பார்த்தாலே வயிறு எரியும்.

காசிலிங்கம் கூலிக்கு வாழை வெட்டிய வீட்டுப் பிள்ளை. லாரியில் கிளீனராகப் போய், டிரைவராகி, பழைய பிக்கப் ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். மின்னணுச் சமாச்சாரம் எதுவும் இல்லாத பழைய மாடல். ஏரலிலிருந்து வாழைத்தார், உடன்குடியிலிருந்து கருப்பட்டி, கோவில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் சாமான், எதுவானாலும் ஏற்றுவான். ஆனால் அளவுக்கு மேல் ஏற்ற மாட்டான்.

ஒரு தடவை கருப்பட்டி வியாபாரி ஒருவர் என் எதிரிலேயே அவனை வம்புக்கு இழுத்தார். "இன்னும் பத்துச் சிப்பம் ஏத்துலே. வண்டி என்ன ஒன் மாமனார் குடுத்த சீதனமா?"

"அவரு குடுத்திருந்தா ஏத்திருப்பேன் அண்ணாச்சி. இது நான் வாங்குனதுல்லா" என்றான் காசிலிங்கம். வியாபாரியே சிரித்துவிட்டார்.

டீசல் வண்டி ஓடித் தேய்வதைவிடக் கவனிப்பில்லாமல் சாவதுதான் அதிகம். இன்ஜின் ஆயிலைக் கருத்துக் கஞ்சியாகும் வரை விட்டுவைப்பார்கள். ஏர் ஃபில்டரை ஒரு தட்டுத் தட்டி மறுபடியும் மாட்டுவார்கள். காசிலிங்கம் அப்படியில்லை. ஆயில் மாற்ற நான் ஒரு கணக்குச் சொன்னால் அதற்கு முன்பே வந்து நிற்பான். டீசல் ஃபில்டரில் தங்கும் தண்ணீரை வாராவாரம் திறந்துவிடுவான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் உடனே அணைக்க மாட்டான். டர்போ ஆறட்டும் என்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுவான். அந்த ஒரு நிமிடத்தில் தங்கத்தாய் தட்டில் சோற்றைப் போட்டுவிடுவாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு உட்காரும்போது குழம்பு ஊற்றியிருக்கும். ஆறு லட்சம் கிலோமீட்டர் அந்த வண்டி ஓடியது. பாதிப் பெருமை அவனுக்கு, பாதி எனக்கு.

தங்கத்தாயைக் கேட்டிருந்தால் முழுப் பெருமையும் தன் கைக்குத்தான் என்றிருப்பாள். அது ஒரு தனிக்கதை.

வண்டியை வாங்கியது ஒரு மார்கழிக் காலை. நானும் போயிருந்தேன். விற்ற தரகர் சாவியைத் திருகுகிறார், திருகுகிறார், வண்டி பிடிக்கவில்லை. காசிலிங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது. சூடத் தட்டோடு நின்ற தங்கத்தாய், "நான் ஒரு திருகு திருகட்டா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சேலையைச் சொருகிக்கொண்டு, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, மெல்ல ஏறி உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டுத் திருகினாள். ஒரே திருகு. வண்டி உறுமியது. பிறகு காசிலிங்கம் ஏறி, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னால் நகர்த்தினான்.

விஷயம் ஒன்றுமில்லை. தரகர் அவசரக்காரர். உள்ளே ஹீட்டர் பிளக் சூடாகும் முன்பே திருகிக்கொண்டிருந்தார். அவர் பாதி திருகி விட்டிருந்த சாவியில், இவள் ஏறிக் கும்பிட்டு முடிப்பதற்குள் அது சூடேறிவிட்டது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஏனென்றால் தெருவே "தங்கத்தாய்க்குக் கைராசி" என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவள் என்று அந்தத் தெருவில் எந்த வளைகாப்புக்கும் அவளை முன்னால் நிற்கவிட்டதில்லை. மஞ்சள் குங்குமத் தட்டைக்கூட அவளைத் தாண்டித்தான் நீட்டுவார்கள். அன்றைக்குப் பிறகு நிலைமை மாறியது. ஆட்டோ வாங்கினாலும் டிராக்டர் வாங்கினாலும் முதல் சாவி தங்கத்தாய்தான். வெற்றிலை பாக்கும் ரவிக்கைக்குச் சட்டைத் துணியும் வைத்து வாசலில் வந்து கூப்பிடுவார்கள். காசிலிங்கத்தின் வண்டிக்கு நாள்தோறும் காலையில் முதல் சாவி அவளுடையது. அவன் பக்கத்தில் நின்று வாய் கொள்ளாத சிரிப்போடு பார்த்துக்கொண்டிருப்பான்.

வருடங்கள் கழிந்து ஓர் ஆடி மாதத்தில் வண்டி புகை கக்கியது. லைனர், பிஸ்டன், ராடு போல்ட் எல்லாம் புதிதாகப் போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் என் கையால் முறுக்கினேன். சொன்னேனே, எழுபத்தெட்டாயிரம். புது வண்டி போல ஓடியது. அந்த மார்கழியில் வெள்ளம் வந்தது.

ஏரலில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போதே காசிலிங்கம் பேட்டரியைக் கழற்றி மச்சில் வைத்துவிட்டான். பிக்கப் பானெட் வரை முங்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் பேட்டரியை மாட்டி விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தான். தெருவில் வண்டி வைத்திருந்த ஆண்பிள்ளைகளிடமெல்லாம் சொன்னான்: "ஒருத்தரும் ஸ்டார்ட் பண்ணிராதிய. உள்ள தண்ணி நிக்கும். மெக்கானிக் வந்து எறக்குன பொறவுதான்." போன் வேலை செய்யவில்லை. பாதை அறுந்து கிடந்தது. பாதி நடந்தும் பாதி யார் யார் வண்டியிலோ தொற்றியும் என்னைக் கூப்பிடப் பேட்டைக்கு வந்து சேர்ந்தான்.

ஊரெல்லாம் சொன்னவன் வீட்டில் சொல்லவில்லை. சாவி எப்போதும் போலச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

நானும் என் பட்டறையில் வேலை பார்க்கும் செந்தில்முருகனும் சாமான் பெட்டியோடு அவனை ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தோம். தெருவெல்லாம் சேறு. வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் இருந்தது, நசுங்காமல். வண்டிக்கு அடியில் கறுப்பாக ஆயில் பரவியிருந்தது. படியில் தங்கத்தாய் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஈரத்துண்டு. சூடம் அணைந்து போயிருந்தது.

"அண்ணாச்சி, நான் ஒண்ணும் செய்யலியே" என்றாள். "நீங்க வாரதுக்குள்ள வண்டி ஓடிக்கிட்டு இருந்தா இவிய மனசு குளுருமேன்னு, எப்பமும் போலத்தான் திருக்குனேன். ரெண்டு சுத்து சுத்திப் பிடிச்சுது. பிடிச்சதும் டம்முன்னு ஒரு சத்தம். என் கையாலயா போச்சு? சொல்லுங்க அண்ணாச்சி, என் கையாலயா?"

குனிந்து பார்த்தேன். பிஸ்டனைத் தள்ளும் ராடு ஒடிந்து இன்ஜின் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை எந்தப் பிஸ்டனாலும் அமுக்க முடியாது. அவள் திருகாமல் இருந்திருந்தால் தண்ணீரை வடித்து, ஆயிலை மாற்றி, ஓரிரு நாளில் ஓடவைத்திருப்பேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காசிலிங்கம் என் கையைப் பிடித்துச் சுவருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணாச்சி, அவ கையாலன்னு சொல்லிராதிய."

"வேற யாரு கையாலலே? எங் கையாலயா?"

அவன் என் முகத்தையே பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் ரத்தம் கொதித்தது.

"ஏலே, நாப்பது வருசம்லே. ஒருத்தன் எம் போர்டைப் பாத்து விரல் நீட்டுனது உண்டா? எம் பேரைக் கெடுத்துக்கச் சொல்லுதியா?"

"ஒங்களுக்கு ஆயிரம் வண்டி இருக்கு அண்ணாச்சி. அவளுக்கு அந்தக் கை ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கு அவள எவன் வாசலுக்குக் கூப்பிடுவான்?" அவன் அழவில்லை. அழுதிருந்தால் நான் திட்டிவிட்டுப் போயிருப்பேன். "ஒங்க கடனு எங்கியும் போகாது. அது நெசம். இது வேற."

திரும்பி வந்தேன். தெருவில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். தங்கத்தாய் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒன் கை இல்ல தாயி" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரல் போலவோ கேட்டது. "ஆடியில நான் போட்ட ராடு போல்ட்டு சரியில்ல. எப்பம் வேணும்னாலும் ஒடிஞ்சிருக்கும். இன்னைக்கு ஒடிஞ்சிட்டு. வேலை என் பிழை."

செந்தில்முருகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சாமான் பெட்டியை எடுடா என்றேன்.

தங்கத்தாய் பிடித்திருந்த கையை விட்டாள். பிறகு எழுந்தாள். அவள் முகத்தில் உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. "நம்பித்தான குடுத்தோம்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தச் செய்தி என் வண்டிக்கு முன்னால் பேட்டைக்கு வந்து சேர்ந்தது. ஐயம்பெருமாள் வாசலில் நின்றுகொண்டே கேட்டான். "என்ன அண்ணாச்சி, போர்டை எறக்கணுமாமே? ஏணி வேணும்னா எங்கிட்ட இருக்கு."

"ஒன் ஏணியில நீ ஏறுலே. பத்து வருசமா கீழ்ப்படியிலயே நிக்க" என்றேன். வாய்க்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அன்று நான் சாப்பிடவில்லை.

என் பிழை என்று சொன்ன பிறகு வேறு இன்ஜின் போட்டுத் தர வேண்டியவன் நான்தானே? தேடினேன். வெள்ளத்தில் முங்கிய வண்டிகளால் பழைய இன்ஜினுக்கு எல்லா ஊரிலும் அடிபிடி. சித்திரைக்குள் போட்டுவிடலாம் என்றேன். அதுவரைக்கும் காசிலிங்கம் என்ன செய்தான் தெரியுமா? வாழைத்தார் ஏற்றிய மனிதன் வாழைத்தார் சுமந்தான். மண்டியில் லோடு கூலி. ஐம்பத்தைந்து வயதில் தலையில் சும்மாடு.

மாதம் பிறந்தால் பஸ் ஏறிப் பேட்டைக்கு வருவான். வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து நீட்டுவான்.

"எடுத்துட்டுப் போலே. கடனும் இல்ல, மண்ணும் இல்ல."

"நீங்க செஞ்ச வேலை நல்ல வேலை அண்ணாச்சி. அது ஒங்களுக்கும் எனக்கும் தெரியும்லா" என்பான். நான் வாங்க மாட்டேன். அவன் லேத்து மேசையில் வைத்து மேலே ஒரு ஸ்பேனரைத் தூக்கி வைத்துவிட்டுப் போவான். "அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்பான். "நேத்து ஒரு புது ஆட்டோவுக்கு அவளத்தான் கூப்பிட்டாவ. சட்டைத் துணி நல்ல துணி." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பழைய சிரிப்பு வரும். அப்படி அவன் வைத்துவிட்டுப் போனது மொத்தம் பதினாலாயிரம். நான் அதைத் தொடவில்லை. தனியாக முடிந்து வைத்தேன்.

சித்திரையில் இன்ஜின் கிடைத்தது. மதுரையிலிருந்து வந்து இறங்கிய மறுநாள், மண்டியில் தார் சுமந்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான் என்று செய்தி வந்தது. எழவேயில்லை.

அவன் வீட்டுக்குத் துட்டி விசாரிக்கப் போனேன். தங்கத்தாய் என் பக்கம் திரும்பவில்லை.

பதினாறாம் நாள் கழிந்து அவள் பட்டறைக்கு வந்தாள், தனியாக. வாசலில் நின்று போர்டைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். உள்ளே நாலைந்து வண்டிக்காரர்கள். எதிரில் ஐயம்பெருமாள்.

"போர்டுல எழுதிருக்கது நெசந்தானா அண்ணாச்சி?"

"நெசந்தான் தாயி."

"அப்பம் அவிய கட்டுன நாப்பதாயிரத்தக் குடுங்க. வண்டி நின்னுதுனாலதான் அவிய சொமை தூக்குனாவ. சொமை தூக்குனதுனாலதான் போனாவ. ஒங்க புது இன்ஜின் எனக்கு வேண்டாம். அத ஓட்ட ஆளு இல்ல." அவள் மறுபடியும் போர்டைப் பார்த்தாள். "பெரிய மெக்கானிக்குன்னு நம்புனோம். ஒரு போல்ட்டு ஒளுங்காப் போடத் தெரியல ஒங்களுக்கு."

செந்தில்முருகன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். "ஏக்கா, என்ன பேசுதிய? அன்னைக்குச் சாவியப் போட்டது யாரு..."

"ஏலே!" என்று நான் போட்ட சத்தத்தில் ஐயம்பெருமாள்கூட ஓரடி பின்னால் போனான். "வாய மூடுலே. வேலை என் வேலை. பிழை என் பிழை."

எனக்கு எழுபது வயது. என் பட்டறைக்குள், என் போர்டுக்குக் கீழே, அத்தனை பேர் முன்னால் நான் சொன்ன வார்த்தை அது. உள்ளே போனேன். பெட்டியைத் திறந்து நாற்பதாயிரம் எடுத்தேன். முடிந்து வைத்திருந்த பதினாலாயிரத்தையும் எடுத்தேன். அதில் பழைய நோட்டு ஒன்றில் வாழைக்கறை இருந்தது.

தங்கத்தாய் வலது கையை நீட்டினாள். உள்ளங்கை விரிந்திருந்தது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், சாவி பிடித்துப் பிடித்து ஒரு சின்னக் காய்ப்பு. சத்தமாக எண்ணினேன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. நாற்பதாயிரம் முடிந்தது. நான் நிறுத்தவில்லை.

"கூட வருதே அண்ணாச்சி?"

"வட்டி" என்றேன். காசிலிங்கத்தின் நோட்டுகளையும் ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தேன்.