வேம்பையரின் கதையைச் சொன்னவள்

செய்தி வந்தபோது முத்தையாபுரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். போனில் பார்வதி அழுதாள். "எக்கா, நம்ம ரோஸ்மேரி போயிட்டா. ஆபரேசன் முடிஞ்சும் கண்ணு முழிக்கலையாம்." ஐயோ என்று நான் கத்தியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "அப்போ கதை?" என்பதுதான். பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். உப்புக் கொட்டகையில் எங்களோடு உட்கார்ந்து பாக்கெட் போட்ட உங்களுக்கு மட்டும்தான் அந்தக் கேள்வி புரியும். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத கை. பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். சிரிப்புக் காட்டுவது எனக்குப் பழக்கம்தானே.

அவள் வருவதற்கு முன்னால் அந்தக் கொட்டகை என் ராஜ்ஜியம். சூப்பர்வைசர் அண்ணாச்சி பேன்ட்டைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு நடப்பதை நான் நடந்து காட்டினால், சிரித்த சிரிப்பில் பாதி உப்பு தரையில் கிடக்கும். பிறகு ரோஸ்மேரி வந்தாள். பஸ்ஸில் வரும்போதே போனில் பாகம் பாகமாக வரும் கதைகளைப் படித்து, கொட்டகையில் நமக்குச் சொல்லுவாள். எல்லாம் பேய்க் கதை, மாயக்காட்டுக் கதை, ஓநாயாக மாறுகிறவன் கதை. போனைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சிலுவை போட்டுக்கொள்வாள்.

"ஏளா, இதெல்லாம் படிக்கிறது கோயில்ல சாமியாருக்குத் தெரியுமா?" என்று ஒரு நாள் சீண்டினேன்.

"போன வாரம் பாவசங்கீர்த்தனத்துல மத்த பாவத்தோட இதையும் சொல்லிட்டேன். அடுத்த பாகம் எப்ப வரும்னு கேக்காரு."

கொட்டகையே உருண்டு சிரித்தது. எனக்கு வந்திருக்க வேண்டிய சிரிப்பு அது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே, "எக்கா, கொஞ்சம் சும்மா இரேன், அவ சொல்லட்டும்" என்பீர்கள். யார் யார் சொன்னீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ரத்தம் குடிப்பவன் கதையை அவள் ஆரம்பித்த நாளையும் மறக்கவில்லை. செத்துப் பல நூறு வருடம் ஆகியும் வயதாகாமல் திரிகிறவன். கதையில் அவனை வேம்பயர் என்று எழுதியிருந்தார்கள். என் காதில் விழுந்தது வேம்பையர்.

"ஏளா, ஐயருன்னா சைவமில்லா? அவரு எப்படி ரத்தம் குடிப்பாரு?" என்றேன். பழைய மாதிரி எல்லாரும் என் பக்கம் திரும்பிச் சிரித்தீர்கள். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தேன். ரோஸ்மேரி சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தாள்.

"அதாம்ளா கதையே. இவரு மனுச ரத்தத்தைத் தொட மாட்டேன்னு விரதம் இருக்காரு. அந்த விரதத்துலதான் ஒரு பொண்ணு மேல ஆசை வந்திருது."

அவ்வளவுதான். நான் போட்ட பந்தையே எடுத்து என்னை அடித்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் எல்லாருக்கும் வேம்பையர். பேர் வைத்தது நான்; பேர் வாங்கியது அவள்.

பேய் உப்பைத் தாண்டாது என்று ஒரு கதையில் படித்துவிட்டு வந்தாள். குவிந்து கிடந்த உப்பைப் பார்த்துச் சொன்னாள்: "அப்போ உலகத்துலயே பத்திரமான பொம்பளைக நாமதான். சூப்பர்வைசரைத் தவிர வேற எதுவும் உள்ள வராது." அது நான் சொல்ல வேண்டியது. ஒரு நிமிடம் முந்திக்கொண்டாள்.

கடைசியில் கதை ஒரு இடத்தில் வந்து நின்றது, உங்களுக்குத் தெரியும். அவன் கடித்தால் அந்தப் பெண்ணுக்குச் சாவு கிடையாது. கடிக்காவிட்டால் அவள் கிழவியாகிச் செத்துப்போவாள், இவன் தனியாக நிற்பான். கடிக்கட்டும் என்றாள் பார்வதி. "சாவே இல்லேன்னா மாமியா கூட எத்தனை காலம்ளா இருக்குறது?" என்றேன் நான். கொட்டகை இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. முடிவு வரட்டும், சொல்லுகிறேன் என்றாள் ரோஸ்மேரி. அந்த வாரம்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் முடிவைத்தான் கேட்டேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கேலி மட்டும் குறையவில்லை. "இன்னும் வரலைளா. வந்தா உனக்குத்தான் மொதல்ல" என்றாள். நம்பி வந்தேன்.

ரோஸ்மேரியின் முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தோம். நமக்குத் தெரியாத ஒருத்தி தூணில் சாய்ந்து அழுதாள். ஸ்ரீவைகுண்டத்துக்காரி. ஆஸ்பத்திரியில் ரோஸ்மேரிக்குப் பக்கத்துக் கட்டில்.

"எனக்கு மறுநாள் ஆபரேசன். பயந்து அழுதுட்டே இருந்தேன். அந்தக்காதான் வேம்பையரு கதை சொல்லித் தேத்துனாவ," என்றாள்.

டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "முடிவு சொன்னாளா?"

"சொன்னாவளே. ஐயரு மனுசனாயிட்டாரு. அந்தப் பொண்ணும் அவரும் எங்க ஊரு பக்கம் வயல் வாங்கி, நெல்லு போட்டு, தலை நரைச்சு நல்லா இருக்காவளாம்."

நேற்று வந்தவளுக்கு முடிவு! எனக்கு வெறும் வாக்கு! வயிறு எரிந்துகொண்டு நின்ற என்னைப் பார்வதி தனியே இழுத்துப் போனாள். "எக்கா, நானும் இப்போ போன்ல அதைத்தான் படிக்கேன். கதை இன்னும் முடியல. நேத்தும் ஒரு பாகம் வந்துச்சு. அவன் இன்னும் கடிக்கவே இல்ல. அதுல ஏது ஸ்ரீவைகுண்டம், ஏது வயலு?"

ஆக, அந்த வயலும் நெல்லும் நரையும் ரோஸ்மேரி உண்டாக்கியது. தன் வயிற்றிலும் கத்தி படப்போகிறது என்று தெரிந்துகொண்டே, அழுகிறவளைத் தூங்க வைக்கச் சொன்ன பொய். என்னிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள். அதற்கு நான் பெருமைப்பட வேண்டும் என்கிறாள் பார்வதி. முடியவில்லை. அவ்வளவு அழகான பொய்யை எனக்கும் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.

அவள் படித்த கதைகளைப் பார்வதி வைத்துக்கொள்ளட்டும். அந்த வயலை ஸ்ரீவைகுண்டத்துக்காரி வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அவள் விட்டுப்போனது "இன்னும் வரலைளா" என்கிற அந்த ஒரு சொல்தான். அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. இதைப் படித்து உங்களில் ஒருத்திக்காவது வயிறு எரிந்தால் எனக்குச் சந்தோஷம்.