அவளைக் கப்பலில் ஏற்றினார்களா?

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் பழவேற்காட்டுப் பெண் ஒருத்தி மாத இதழ் ஒன்றில் தொடர்கதை எழுதினாள். டச்சுக்காரன் காலத்துக் கதை. பஞ்சத்தில் ஒரு மீனவன் தன் மகளைக் கோட்டையில் விற்றுவிடுகிறான். அடிமைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகு கரையில் நிற்கிறது. அங்கே 'தொடரும்' என்று போட்டிருக்கிறது. அடுத்த இதழ் எந்த நூலகத்திலும் இல்லை. டச்சுக்காரன் கல்லறைக்கு வேலி போட்டு வைத்திருக்கிறோம். இவள் எழுதிய நாலு தாளை எடுத்து வைக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

மகளை விற்ற அப்பனை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன் பசியை மட்டும் எழுதினாள். இப்படி எழுதுகிறவள் அந்தப் பெண்ணை என்ன செய்தாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

எழுதியவளின் மகள் உயிரோடு இருப்பதாகக் கேள்விப்பட்டு, பொன்னேரியில் பஸ் ஏறிப் பழவேற்காட்டுக்குப் போனேன். தொண்ணூறு தாண்டிய கிழவி. சின்ன வயதில் அம்மா அந்தக் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"படகுல ஏத்திட்டாங்களா பெரிம்மா?"

"எங்க ஏத்தறது? குதிச்சி நீந்தி வந்துட்டா."

அடுத்த முறை போனபோது ஏற்றிவிட்டார்கள். அதற்கடுத்த முறை, அந்தப் பெண்ணுக்கு மாமியார் பாலில் விஷம் வைத்தாள்.

இறால் உரித்துக்கொண்டிருந்த மருமகள் சிரித்தாள். "அத்தே, அது நேத்து டிவில வந்தது!"

"நீ வாய மூடு. எங்கம்மா எழுதனது எனுக்குத் தெரியாதா?" கிழவி என் பக்கம் திரும்பினாள். "உனுக்கு இன்னாதாம்மா வோணும்? எதுனு சொல்லு, அதையே சொல்லிட்றேன்."

யார் மேல் கோபப்படுவது?

கிடைத்த வரைக்கும் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் முன்வந்தார். கதை நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள், மீதி கிடைக்கவில்லை என்று ஒரு வரி போடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். புத்தகம் வந்தது. கடைசியில் புதிதாகச் சில பக்கங்கள். எவனோ ஒரு வாலிபன் குதிரையில் வந்து பெண்ணை மீட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறான். எல்லாம் எழுதியவள் பேரில்.

போய்ச் சண்டை போட்டேன். "முடிவில்லாத கதைய யாரு மேடம் வாங்குவாங்க?" என்றார். புத்தகங்கள் அதற்குள் கடைகளுக்குப் போய்விட்டிருந்தன.

கிழவி ஒரு பிரதி கேட்டு ஆள் அனுப்பினாள். கொடுக்காமல் இருக்க முடியுமா? அவள் அம்மா புத்தகம். வாசிக்கிற அளவுக்கு அவளுக்குக் கண் தெரியாது, மருமகள் வாசித்தாள். குதிரை வந்ததும் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆங், இதான்! எங்கம்மா இப்டிதான் எழுதிச்சி. இப்பதான் ஞாபகம் வருது."

அழுதாள். பிறகு, "இன்னொருக்கா படிடி" என்றாள்.

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் மறுபடி வாசிக்க ஆரம்பித்தாள்.