கேன் தண்ணீரில் கால் கழுவியவர்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங் பார்த்து ஓய்வு பெற்றவர் ஜெயப்பிரகாஷ். தையல் கோணலா, பசை வழிகிறதா என்று குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கியவர். அதே கண்ணை மனிதர்கள் மேலும் வைத்துப் பழகிவிட்டதால், மனைவி சோபனா போன பிறகு வீட்டுப் படியேற ஆளில்லை. பெங்களூரிலிருந்து மகள் சங்கீதா ஞாயிறுதோறும் போனில் சாப்பிட்டாயா என்பாள். இவர் ஆச்சு என்பார். வாரத்துப் பேச்சு அதோடு சரி.

மிச்சமிருந்தவர் தண்ணீர் கேன் போடும் சர்தார் பாஷா. அந்தத் தெருவில் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. பாஷா கேனைத் தோளில் சுமந்துவந்து கவிழ்த்துவிட்டு, மூச்சு வாங்குகிற நேரத்தில் முட்டிவலி, பேரணாம்பட்டு மச்சான், அவனுக்கு அமையாத பெண் என்று நாலு கதை சொல்வார்.

ஆனால் ஒற்றை ஆள் குடிக்கிற குடிக்கு ஒரு கேன் லேசில் காலியாகாது; காலியானால்தான் பாஷா வருவார். எனவே ஜெயப்பிரகாஷ் அதற்கு ஒத்தாசை செய்தார். அரிசி கழுவினார், செம்பருத்திக்கு ஊற்றினார், கடைசியில் வாசலில் நின்று காலையே கழுவினார். தெரு பார்த்தது. 'துரைக்கு கால் கழுவக்கூட கேன் தண்ணி' என்று பேசி, இருந்த கொஞ்ச நஞ்ச சிரிப்பையும் நிறுத்திக்கொண்டது.

ஒருமுறை வந்த மகள் காலி கேன்களைப் பார்த்தாள். அப்பாவுக்குத் தாகம் ஜாஸ்தி என்று முடிவுகட்டி, சுத்திகரிக்கும் மிஷின் ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். பாசத்துக்குக் கண் இல்லை. கிரெடிட் கார்டு இருக்கிறது.

மிஷின் நன்றாகவே வேலை செய்தது. பேசத்தான் தெரியவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர், பாஷாவுக்கு போன் போட்டு ஒரு கேன் கேட்டார்.

வந்த பாஷா சுவரைப் பார்த்துவிட்டுக் கேனை இறக்கினார்.

"இன்னா சார், மிஷின் மாட்டிட்டீங்களா?"

"ரிப்பேரு, பாய்."

பாஷா குழாயைத் திறந்தார். தண்ணீர் பளிச்சென்று கொட்டியது. ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். ஜெயப்பிரகாஷ் தலை நிமிரவில்லை.

"உங்களுக்கு இனிமே கேன் வேணாம் சார்."

சொல்லிவிட்டுக் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"டீ போடத் தெரியுமா? சக்கரை கம்மியா."

தெரியும் என்று சமையலறைக்குள் போனவருக்கு அங்கேதான் உறைத்தது, பால் வாங்கி மாசக்கணக்காகிறது. பக்கத்து வீட்டு நசீமுன்னிசாவிடம் முகம் கொடுத்துப் பேசி அதற்கும் மேலாகிறது. கேட்டால் அந்தம்மா கேலியாகச் சிரிக்கலாம். கேட்காவிட்டால் பாஷா எழுந்துவிடுவார். டம்ளரோடு போய்க் கதவைத் தட்டினார்.

உள்ளிருந்து யாரென்று குரல் வந்தது. பேரைச் சொன்னால் தெரியுமா என்று யோசித்தார்.

"பக்கத்து வீடும்மா. கொஞ்சம் பால் வேணும். வீட்டுக்கு ஆள் வந்திருக்கு."