இத்தாலி வண்டி துளுக்கியது

எனக்கு இன்றுவரை பைக் ஓட்டத் தெரியாது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன். ஆபீஸ் போய்வர ஒரு மின்சார ஸ்கூட்டர் இருக்கிறது. அது கிளம்புவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது, ஆளுக்கேற்ற வண்டி. ஆனாலும் நண்பர்கள் பைக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்துவிடுவேன். நாலாம் வகுப்பு படிக்கும்போதே இத்தாலி பைக்கின் ஆக்சிலேட்டரில் கை வைத்தவன் நான். கை வைத்தேன் என்பது வரைக்கும்தான் உண்மை. மிச்சத்தை யாரிடமும் சொன்னதில்லை.

வண்டியை வாங்கியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. துடியலூரில் எங்கள் வீட்டிலேயே தங்கி ஒரு பம்ப் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தார். அம்மாவைப் பெற்ற அம்மாயி, மாமாவின் சின்ன வயதிலேயே போய்விட்டாள். மாமா பள்ளிக்கூடம் படிக்கும்போது அவர்களுடைய அப்பாவான அப்புச்சியும் மேட்டுப்பாளையம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு தம்பியைத் தன்னோடு கூட்டிவந்து வளர்த்தது அம்மாதான். எனவே மாமாவுக்கு அவள் பாதி அக்கா, பாதி அம்மா. திட்டும்போது மட்டும் இரண்டும் முழுசு.

அந்த வருஷம் மாமா பேச்சைக் குறைத்திருந்தார். நிச்சயமான அவருடைய கல்யாணம் பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோயிருந்தது. எனக்குத் தெரிந்தவரை கல்யாணம் என்றால் ஜாங்கிரி. ஒரு ஜாங்கிரி கைநழுவியதற்கு ஒரு ஆள் இத்தனை நாளா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தார்ப்பாய் மூடிய மினி லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து மாமா குதித்தார்.

"அக்கா, ஊட்டுக்குப் பொறவால கொஞ்சம் எடம் பண்ணிக் குடு. பெரிய சாமானொண்ணு வருது."

அம்மா அது வாஷிங் மெஷின் என்று முடிவு செய்துவிட்டாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்த குடங்களை நகர்த்தினாள், கூட்டினாள், தண்ணீர் தெளித்தாள். கோலம் போடாததுதான் பாக்கி. அந்தச் சுத்தமான இடத்தில் இறக்கி வைத்துத்தான் தார்ப்பாயை விலக்கினார்கள்.

உள்ளே பீட்ரூட் நிறத்தில் ஒரு பைக் இருந்தது. எஞ்சின் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, இடுப்பில் இரு கையையும் ஊன்றி நிற்கிற ஆள் மாதிரி அம்மாவைப் பார்த்தது. அம்மாவும் அதே மாதிரி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"இதென்றா இது?"

"வண்டிக்கா. இத்தாலி."

"அது எங்கியோ இருந்து போகுது. இங்கிருந்து எப்பப் போகுது?"

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, ஓட்டிச் சலித்து, சாக்குப் போர்த்தி வைத்திருந்த வண்டி அது. காகிதமெல்லாம் சரியாக இருந்தது. விலையைக் கேட்டால் மட்டும் மாமாவுக்கு இருமல் வந்துவிடும்.

அன்றே அம்மா சொந்தபந்தம் முழுக்க ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டாள்: அந்த வண்டி இந்த வீட்டில் இருந்தால் நான் இருக்கமாட்டேன் என்று. அப்புச்சியைக் கொண்டுபோனது போதாதா என்று கேட்டாள். இதைக் கேட்டுத் தலையாட்டாதவர்கள் இல்லை. அம்மா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். சாமியே வந்து சொன்னால்தான் மாற்றிக்கொள்வாள் என்பது எங்கள் வகையறாவில் எல்லோருக்கும் தெரியும்.

வண்டி ஓடவில்லை என்பதால் உடனே வெளியே தள்ளவும் முடியவில்லை. மாமா தினமும் வேலையிலிருந்து வந்ததும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் உள்ளே வந்து, குனிந்து, பின்சக்கரத்தில் செயினைத் தேடுவார்கள்.

"ஏனுங்க, செயினக் கழட்டி எண்ணெயில ஊறப் போட்டிருக்கீங்களா?"

"இதுக்குச் செயினே கெடையாதுங்க. லாரிக்கு அடியில நீட்டமா ஒரு ஷாஃப்ட் சுத்துமே, பாத்திருக்கீங்களா? அது மாதிரி இந்தக் கொழாய்க்குள்ள சுத்துதுங்க."

"செரி, செயினு அறுந்துபோச்சுன்னா?"

"இருந்தாத்தானுங்களே அறுந்துபோகும்!"

"அதுஞ்செரி. எதுக்கும் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க."

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே மாமாவுக்குப் பேச்சு திரும்பியது. இத்தாலியிலிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்களாக ரப்பர் வளையங்களும் கம்பிகளும் வந்தன. அவற்றை விரித்து வைக்கையில் மாமா சீட்டியடிப்பார். சீட்டி கேட்டதும் சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோகும். எட்டிப் பார்த்தால் அம்மா ஜன்னலோரம் அடுப்பை மறந்து நின்றிருப்பாள். சீட்டிச் சத்தம் அவளுக்கு அவ்வளவு எரிச்சல் என்று நான் குறித்துக்கொண்டேன். கூர்மையான பையன் என்று என்னை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

எனக்கோ அந்த வண்டியே வேறு ஊர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன்மேல் ஏறி டேங்கைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொள்வேன். வெயிலில் காய்ந்த தகரம் கன்னத்தில் வெதுவெதுவென்று இருக்கும். பெட்ரோலும் பழைய ரெக்சினும் கலந்த வாசனை. கண்ணை மூடினால் போதும், மேட்டுப்பாளையம் தாண்டி, பாக்குத் தோப்புகள் தாண்டி, ஊட்டி ரோட்டில் ஏறாமல் இடதுபக்கம் ஒரு மண்பாதையில் திரும்பினால் இத்தாலி வந்துவிடும். அங்கே எல்லோரும் பீட்ரூட் நிறச் சட்டை போட்டிருப்பார்கள். யாரும் வீட்டுப்பாடம் கேட்கமாட்டார்கள். அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்தால்தான் துடியலூர் திரும்பும்.

ஒரு சாயங்காலம் வண்டி உயிர் பெற்றது. முதலில் ஒரு தும்மல், பிறகு வயிற்றுக்குள் உருமி அடிப்பது போல ஒரு குமுறல். மாமா ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கியதும் வண்டி வலதுபக்கம் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு மறுபடி நிமிர்ந்து நின்றது. நான் அலறிப் பின்வாங்கினேன்.

"பயப்படாதீங்க மருமகனே, எஞ்சின் இதுல நீளவாக்கில சுத்துது. முறுக்குனா ஒரு பக்கமா இழுக்கும். அதுக்கு அது கொணம்."

துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஓடுகிற வண்டியை வெளியே தள்ள இனித் தடையில்லையே. அன்றைக்கு ராத்திரிச் சோற்றோடு சண்டை ஆரம்பமானது. வண்டியை விற்கிறாயா, நான் பெட்டியைக் கட்டட்டுமா என்றாள். மாமா தட்டைப் பார்த்தார். மறுபடியும் அதே பார்வை. அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். அப்பாதான் அந்த இறுக்கத்தைத் தாங்காமல், "நம்ம ஆத்தாகிட்டயே கேட்டுப்போடு, முடிஞ்சுது" என்று தமாஷாகச் சொன்னார்.

எங்கள் குலதெய்வம் பொள்ளாச்சிக்கு அப்பால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. மாசியில் கெடாய் வெட்டுவார்கள். வெட்டுவதற்கு முன்னால் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கெடாய் உடம்பை உதறித் துளுக்கினால் ஆத்தா சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். துளுக்காவிட்டால் யார் என்ன குற்றம் செய்தார்கள் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள்.

அம்மா ஆவேசமாகச் சொன்னாள்: "கேக்கறேன். இந்த மாசிக்கு இந்த வண்டி மேல மஞ்சத்தண்ணி ஊத்திக் கேக்கறேன். துளுக்குச்சுன்னா வெச்சுக்கட்டும். இல்லீன்னா அங்கயே எவனுக்காச்சும் குடுத்துப்போட்டு பஸ்ஸேறி வரட்டும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். இருவரும் கையலம்பும் சாக்கில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இரும்பு எங்கே துளுக்கப்போகிறது என்று பாவம் அம்மா நினைத்துவிட்டாள்!

திட்டம் தயாரானது. உயிரில்லாத கெடாயிடம் யாரும் கேட்பதில்லை, எனவே எஞ்சினை ஓடவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று மாமா வாதாடினார். அம்மா ஒப்புக்கொண்டாள். வண்டிக்காரன் கைகூப்பி நிற்க வேண்டும், எனவே மேலே உட்காரக் குற்றம் குறை அறியாத குழந்தை வேண்டும் என்றார். அதற்கும் ஒப்புக்கொண்டாள். அவ்வளவு எளிதாக ஏமாறுகிறாளே என்று எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது. மாமா இருமினால் நான் முறுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு வாரம் உருளைக்கிழங்கைப் பிடித்துக்கொண்டு முறுக்கிப் பழகினேன்.

மாசியில் கெடாய் வெட்டு அன்று, கோயில் வாசலில் பூசாரி வண்டியைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தார். "சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கறது வழக்கமுங்க. கேக்கறதெல்லாம் கெடாய்கிட்டத்தானுங்களே?"

"கெடாய்க்கு ரெண்டு கொம்புங்க, இதுக்கும் ரெண்டு பக்கம் கொம்பு இருக்குதுங்க. ஒண்ணுதான்," என்றார் அப்பா.

கூடியிருந்த பங்காளிகள் சிரித்தார்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியின்மேல் என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். மாமா எஞ்சினை ஓடவிட்டு, முன்னால் போய் அம்மன் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். மேளம் நின்றது.

அம்மா சொம்பைச் சாய்த்தாள். மஞ்சள் தண்ணீர் முன்விளக்கில் விழுந்து, டேங்கில் வழிந்து, என் முழங்காலை நனைத்தது. ஜில்லென்றிருந்தது. சூடான எஞ்சினில் பட்ட துளிகள் ஆவியாகி என் முகத்துக்கு எழும்பின. அந்த ஆவிக்குள் தென்னை ஓலை வெயில் ஆடியது. எஞ்சின் குமுறல் காலில் ஏறி, வயிற்றில் ஏறி, கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லா முகங்களும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் அசைந்தன. எங்கோ இடதுபக்கம் ஒரு மண்பாதை திரும்பியது.

மாமா இருமினார்.

எனக்குக் கேட்டது. கை மட்டும் என்னுடையதாக இல்லை. கருவறைக்குள்ளிருந்து ஆத்தா என்னை மட்டுமே பார்ப்பது போலிருந்தது. உருளைக்கிழங்கு அப்படியெல்லாம் பார்த்ததில்லை.

மாமா மறுபடி இருமினார். பிறகு அடக்கமாட்டாமல் இருமினார். "யாராச்சும் தண்ணி குடுங்கப்பா," என்றது ஒரு குரல். வண்டி சாதுவாகக் குமுறிக்கொண்டு நின்றது. கூட்டம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க ஆரம்பித்தது. மாமாவின் முதுகு மெல்லக் கூனுவது எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து திரும்பப்போகிறவரின் முதுகு அது.

"மறுக்கா ஊத்தறேன்," என்று சொல்லிக்கொண்டே அம்மா வண்டியை ஒட்டி வந்தாள். நெருங்கியதில் முந்தானை என் வலதுகையை மூடியது. இடதுகையால் சொம்பைச் சாய்த்தாள். முந்தானைக்குள் ஈரமான ஒரு கை வந்து என் கையின்மேல் படிந்து, பிடித்து, ஒரே முறுக்காக முறுக்கியது. வண்டி ஹோவென்று கத்தி, வலதுபக்கம் ஒரு துளுக்குத் துளுக்கி, என்னையும் சேர்த்து உதறி நிமிர்ந்தது.

"துளுக்கிருச்சு! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" முதலில் கத்தியது பூசாரிதான். குலவைச் சத்தம் எழுந்தது. மாமா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது நெற்றியெல்லாம் மண், கண்ணெல்லாம் தண்ணீர். என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தாள். "ஆத்தாளே சொன்னதுக்கப்புறம் நான் என்னத்தைச் சொல்றது," என்று பங்காளிகளிடம் சொன்னாள்.

எனக்கு மட்டும்தான் தெரியும் என்ன நடந்ததென்று. அம்மா தடுமாறியிருக்கிறாள். விழாமலிருக்கக் கைக்குக் கிடைத்ததைப் பிடித்திருக்கிறாள். அது ஆக்சிலேட்டராகப் போய்விட்டது. இத்தனை நாள் போட்ட சண்டையைத் தன் கையாலேயே தோற்றிருக்கிறாள். மாமா ஜெயித்த சந்தோஷத்தைவிட இந்த வருத்தம்தான் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது.

கெடாய் விருந்துக்கு இலை போட்டபோது அம்மா குழாயடியில் தனியாகச் சொம்பு கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"என்னத்தைக் கண்ணு?"

"நீ தெரியாம ஆக்சிலேட்டரப் புடிச்சுட்டதை. பரவால்லம்மா, உடு."

அம்மா கழுவுவதை நிறுத்தி என்னை வெகுநேரம் பார்த்தாள். தூரத்தில் மாமா சீட்டியடித்துக்கொண்டே வண்டியிலிருந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"ஆமாஞ்சாமி. காலு வழுக்கிருச்சு. மாமங்கிட்டச் சொல்லிப்போடாத."

சத்தியம் செய்துகொடுத்தேன். அவ்வளவு பெரிய தோல்வியை அவ்வளவு சிரித்த முகத்தோடு தாங்கிக்கொண்ட ஆளை நான் அதுவரை பார்த்ததேயில்லை. அவளைத் தேற்றுவதற்காக என் இலையிலிருந்த ஈரல் துண்டை எடுத்து அவள் இலையில் வைத்தேன்.