முயலுக்கு ஒரு சனிக்கிழமைக் குளியல்

ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்து இரண்டாவது வருடம். அங்கே காஜா பேராங் என்ற பகுதியில் குறுக்கே பலகை அடித்து இரண்டாகப் பிரித்த ஓர் அத்தாப்பு ஓலை வீட்டின் ஒரு பாதியில் நான் தனியாகக் குடியிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் என் வீட்டுக்காரரைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றே மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். மூன்று ஆறாகி, ஆறு ஒன்பதாகியும் ஒரு துண்டுக் கடிதம் வரவில்லை. என் பிறந்த வீடு ஜொகூர் பக்கம் ஒரு தோட்டத்தில். போய்ச் சேர வண்டியும் இல்லை, தைரியமும் இல்லை. தனிமரம் தோப்பாகாது என்பார்கள். தோப்பாகாவிட்டால் போகிறது, நின்றபடியே பட்டுப்போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இருந்த துணை ஒரு வெள்ளை முயல். ஜப்பான் சண்டைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் தோட்டவேலை செய்தார். அந்தக் குடும்பம் ஊரைவிட்டு ஓடியபோது, பிள்ளைகள் வளர்த்த முயலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது. சயாமுக்குக் கிளம்பின காலையில் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னதும் முயலைப் பற்றித்தான்.

“சுத்தமா வச்சுக்க. தினமும் கொஞ்சம் ஓடவிடு. நான் வந்து பாக்குறப்ப இது இருக்கணும்.”

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அப்படியெல்லாம் பேச வராது. முயலைச் சொன்னதில் நானும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் அவர் சொன்னபடியே அடுப்படியில் ஓடவிட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஊரெல்லாம் பசி. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம், மரவள்ளிக்கிழங்கில்தான் எல்லார் உயிரும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாலையோரம் புல் பறித்துக்கொண்டிருந்தேன். கிழங்கு விற்கிறவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி விசாரித்தார். முயலுக்கு என்றேன். “புல்லு எதுக்கும்மா, மொளகும் சீரகமும் வாங்கிட்டுப் போ. வேலை சுருக்கா முடியும்,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அன்றைக்கே முயலை மண்ணெண்ணெய் டின் வந்த ஒரு மரப்பெட்டிக்குள் போட்டு, மேலே சாக்கை மூடி, மூலையில் தள்ளிவிட்டேன். பிறகு வெளியே விடவே இல்லை. பேசுவதென்றாலும் சாக்குக்குள் தலையை விட்டுக் கிசுகிசுவென்றுதான் பேசுவேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மலாக்காச் செட்டி வம்சத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நெற்றியில் நம்மைப் போல் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். புருஷன் இறந்துபோக, துணி தைத்துக் கொடுத்துத் தனியாகப் பிழைத்துவந்தார். நான் அக்கா என்பேன், அவர் என்னை அடெக் என்பார். தங்கச்சி என்பதற்கு மலாயில் அப்படித்தான். பழக்கம் அதற்குமேல் போனதில்லை.

முயலைப் பெட்டிக்குள் அடைத்த பிறகு இந்த அக்கா கிணற்றடியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முயல் இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஒருநாள் முயலுக்கென்று ஒரு கட்டு கங்கோங் கீரையைக் கொண்டுவந்து நீட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? வெட்டுகிறவன்தான் ஆட்டுக்குத் தழை காட்டுவான் என்று என் மனசு உடனே கணக்குப் போட்டது. முயல் செத்துப்போய்விட்டது என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவர் முகம் விழுந்துபோனது. கறி போச்சே என்ற வருத்தம் என்று நினைத்தேன்.

பொய்யைச் சொல்லிவிடலாம், நாற்றத்தை மறைக்க முடியுமா? பெட்டிக்குள்ளேயே கிடந்து கிடந்து முயலின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. பின்னங்கால் அடியில் ரோமம் உதிர்ந்து சிவந்திருந்தது. வாடை பலகையைத் தாண்டிப் போனால் என் குட்டு உடைந்துவிடும். எனக்குத் தெரிந்த சுத்தம் ஒன்றுதான், எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவது. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. என் முயல் ஆண். ஆகவே ஒழுங்காக நாள் பார்த்துச் சனிக்கிழமை காத்திருந்து, உச்சி முதல் வால் வரை தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். சீயக்காய்த்தூள் ஒரு பிடி இருந்தது. என் தலைக்குக்கூடப் போடாமல், அவர் சயாமிலிருந்து வந்ததும் முதல் குளியலுக்கு என்று வைத்திருந்தது. அதையும் போட்டு வெந்நீர் ஊற்றினேன்.

முதலில் உதறியது. அப்புறம் அடங்கிவிட்டது. சுகமாக இருக்கிறது போலும், சமத்து என்று கொஞ்சினேன். தரையில் விட்டேன். அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்தது. காது சில்லிட்டிருந்தது, கண் பாதி மூடிவிட்டது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வந்து முயல் எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அதைவிட, அவர் வரும்வரை இந்த வீட்டில் நான் யாரோடு இருப்பேன்?

முயலை முந்தானையில் சுற்றிக்கொண்டு மழையிலேயே ஓடிப்போய் அந்த அக்காவின் கதவைத் தட்டினேன். வேறு கதவு ஏது எனக்கு?

கதவைத் திறந்தவர் முயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செத்தது எப்படி எழுந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கித் தன் சாரோங்கால் துடைத்து, நெஞ்சோடு வைத்து மூடிக்கொண்டு, அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“டியா மண்டி செண்டிரி,” என்றார். அது தானே குளித்துக்கொள்ளும் என்று அர்த்தம். பூனை மாதிரி நக்கி நக்கியே சுத்தமாகிவிடுமாம். நாம் சுத்தம் பண்ணவேண்டியது அது இருக்கிற இடத்தைத்தானாம்.

உடம்பில் சூடு ஏறியது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கால் ரோமம் காயவில்லை. அக்கா எழுந்துபோய் ஒரு தகர டின்னைக் கொண்டுவந்தார். மரவள்ளி மாவு. அதை அள்ளி அள்ளி முயல்மேல் தூவித் தேய்த்து, எண்ணெயை மாவு குடித்ததும் உதறிச் சீப்பால் வாரினார். டின்னின் அடித்தகரம் தெரிந்ததைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அவர் சாப்பாடு அது. கையைப் பிடித்துத் தடுத்தேன். தட்டிவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் முயல் ஒரு தும்மல் போட்டது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி, தானே முகம் கழுவ ஆரம்பித்தது. நான் அழுதேன். அக்கா மெதுவாகக் கேட்டார், எண்ணெய் தேய்த்தாயே, சாம்பிராணிப் புகை காட்டவில்லையா என்று. நிஜமாகவே அதற்கு நெருப்புத் தணல் எடுத்து வைத்திருந்தேன். சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் முயலே மிரண்டது.

பிறகுதான் என் பொய்யைப் பற்றிப் பேச வாய் வந்தது. எதற்காக முயலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்றும் கேட்டேன். அவர் மலாயில் சொன்னதை என் பேச்சில் சொல்கிறேன்.

“காலையில எந்திரிச்சா, அது காலால தரையத் தட்டுற சத்தம்தான் எனக்கு மொதல்ல கேக்கும். அது நின்னுபோச்சு. அதான் கேட்டேன். அப்புறம் செத்த முயலோட நீ குசுகுசுன்னு பேசுறதக் கேட்டு, உனக்குப் புத்தி பெரண்டு போச்சோன்னு பயந்துட்டேன்.”

அந்த வாரமே நடுத்தடுப்பின் அடிப்பலகை ஒன்றைக் கழற்றிவிட்டோம். பெட்டியின் அடியை எடுத்துவிட்டு, ஈரம் கீழே இறங்குகிற மாதிரி மூங்கில் சட்டம் அடித்தோம். கீழே சாம்பல், மேலே காய்ந்த லாலாங் புல், தினமும் மாற்றுவோம். சாயங்காலம் இரண்டு வெளிக்கதவையும் சாத்திவிட்டு முயலைத் திறந்துவிடுவோம். இரண்டு நாள் அதற்கு ஓடவே தெரியவில்லை, உட்கார்ந்தே இருந்தது. மூன்றாம் நாள் என் அடுப்படியிலிருந்து அவர் அடுப்படிக்கு ஒரே பாய்ச்சல், நடுவில் அந்தரத்தில் ஒரு முறுக்கு. தெருவுக்குக் கேட்டால் முயல் இருப்பது தெரிந்துவிடுமே என்று நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் வந்து, என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டதைச் சொன்னார். எந்த இடம் என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அன்று அக்கா அந்தப் பலகைச் சந்து வழியாகவே குனிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், விடியும்வரை எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்து பார்ப்பதற்கென்று காப்பாற்றிய முயல் பார்க்க ஆளில்லாமல் மேலும் ஒரு வருடம் இருந்து, வயதாகிச் செத்தது.

எனக்கும் இப்போது வயதாகிவிட்டது, அக்காவும் போன பிறகு மறுபடியும் தனியாகத்தான் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் வழக்கமாகக் கேட்கிற சத்தம் ஒருநாள் கேட்காவிட்டால், அவர்கள் என்னை என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று போய்க் கதவைத் தட்டி விசாரித்துவிடுகிறேன்.