அழுகின முட்டை வாயுவும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்தால் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து வேறு பக்கம் போய்ப் படுக்கும். சட்டையில் அப்படியொரு அழுகின முட்டை வாடை. எண்ணெய்க் கிணற்றில் விஷ வாயு கலந்து வந்தால் இரும்புக் குழாய் தாங்குமா, விரிசல் விடுமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. குழாயிலிருந்து ஒரு பட்டை வெட்டுவார். வாயு படும் உள்பக்கத்தைத் தேய்க்காமல் அப்படியே வில்லாக வளைத்து முடுக்கி, உப்பும் அமிலமும் கலந்த தண்ணீரில் போட்டு, அந்த வாயுவைக் குமிழ்குமிழாக உள்ளே விட்டு ஒரு மாதம் காத்திருப்பார். இரும்போடு அவ்வளவு பொறுமை. என்னோடு செருப்புக் கடையில் நிற்கச் சொன்னால் மட்டும் கால் வலிக்கும்.

இந்த முறை தொட்டியில் ஊறியது என் தம்பி வைத்த வெல்டு. அவன் குழாய் ஆலையில் வெல்டர். தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. தினமும் சாயங்காலம் வந்து, "மாமா, எப்படி இருக்கு?" என்பான்.

"ஊறுது" என்பார் இவர். அதற்கு மேல் பேசினால் முத்து உதிர்ந்துவிடும்.

"நம்ம பையன்தானே. கொஞ்சம் பாத்து எழுதக்கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"குழாய் விரிசல் விட்டுச்சுன்னா அங்க நிக்கிறவன் அந்த இடத்துலயே காலி. அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா."

கடுப்பாக வந்தது.

மாதம் முடிந்ததும் போட்டோவோடு வந்து தம்பியிடம் போனை நீட்டினார். பட்டையில் முடி மாதிரி ஒரு விரிசல்.

"உள்பக்கம் அச்சு அடிச்சது யாரு?"

தம்பி தலையைக் குனிந்தான். வெல்டர் தன் நம்பரைக் குழாயின் வெளியே பெயின்டில் எழுதினால் போதும். பெயின்ட் அழிந்துவிடுமாம், யார் கைவேலை என்று தெரியாமல் போய்விடுமாம். அதனால் இந்த அதிமேதாவி இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் உள்ளே அடித்திருக்கிறான். அந்தப் பள்ளத்தில்தான் இரும்பு பிளந்திருந்தது.

"மத்த குழாய்லயும் அடிச்சியா?"

"எல்லாத்துலயும், மாமா."

"காலையில போய் நீயே சொல்லிடு. தேறலைன்னு எழுதிட்டேன்."

"நல்லா இருக்கு உங்க நியாயம்! அவன் வேலை போச்சே!" என்று கத்தினேன்.

தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, வெல்டு?"

"அதுல ஒரு கீறல் இல்லடா. கல்லு மாதிரி நிக்குது."

வேலை போன கழுதை, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.